முடிவெடுக்கும் மனத்திறனை மதிப்பிடுதல் – வரலாறு

முடிவெடுக்கும் மனத்திறன் என்பது, ஒருவர் தம்மைப் பற்றிய ஒரு குறிப்பிட்ட முடிவைத் தாமே எடுப்பதற்குத் தேவையான புரிதல், நினைவு, சீர்தூக்கிப் பார்க்கும் ஆற்றல் ஆகியவற்றைக் குறிக்கும். அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதிப்பது அல்லது மறுப்பது, உயில் எழுதுவது, நிலத்தை விற்பது, எங்கே யாருடன் வாழ்வது என்று தீர்மானிப்பது ஆகிய எல்லாவற்றிலும் இத்திறன் பற்றிய கேள்வி எழக்கூடும். தமிழில் எழுதப்படும் உயில்களில், எழுதுபவர் நல்ல சித்த சுவாதீனத்துடன், பிறர் தூண்டுதல் இன்றி எழுதுவதாக ஒரு தொடர் வழக்கமாக இடம்பெறும். சடங்கு போலத் தோன்றும் அத்தொடருக்குப் பின்னால் பல நூற்றாண்டுச் சட்ட வரலாறு உண்டு.

ஒருவருக்கு இத்திறன் இல்லை என்று தீர்மானிக்கப்பட்டால், அவருடைய உடல், சொத்து, இருப்பிடம் ஆகியவை பற்றிய முடிவு வேறொருவர் கைக்குப் போகிறது. திறன் இல்லாத ஒருவருக்கு அது இருப்பதாகத் தவறாகக் கருதினால், அவர் ஏமாற்றப்படவோ காப்பாற்றப்படாமல் போகவோ நேரும். இந்த இரு தவறுகளுக்கும் இடையில்தான் இம்மதிப்பீட்டின் வரலாறு நகர்ந்திருக்கிறது. ‘இவர் எப்படிப்பட்டவர்?’ என்ற கேள்வியில் தொடங்கிய சட்டம், ‘இந்த முடிவை இந்த நேரத்தில் இவரால் எடுக்க முடிகிறதா?’ என்ற கேள்விக்கு மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. இந்தியச் சட்டம் பெருமளவு ஆங்கிலச் சட்டத்தின் வழிவந்தது என்பதால், இவ்வரலாற்றை இரு நாடுகளையும் சேர்த்தே காண வேண்டியுள்ளது.

தொடக்கக் காலம்

கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானியரின் பன்னிரு பலகைச் சட்டம், சித்தம் கலங்கியவரையும் அவர் சொத்தையும் தந்தைவழி உறவினரின் பொறுப்பில் வைத்தது. குடும்பச் சொத்து சிதறிவிடக் கூடாது என்பதே அதன் முதன்மை நோக்கமாக இருந்தது. எனினும் சித்தம் தெளிந்திருக்கும் இடைவெளிகள் உண்டு என்பதைப் பிற்கால உரோமச் சட்டம் ஏற்றுக்கொண்டது. அந்த நேரத்தில் அவர் செய்த செயல்கள் செல்லுபடியாகும் எனக் கருதப்பட்டது.

இங்கிலாந்தில் இப்பொறுப்பு மன்னரிடம் சென்றது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டதாகக் கருதப்படும் மன்னரின் தனியுரிமை பற்றிய ஆவணம், மக்களை இரு வகையாகப் பிரித்தது. பிறவியிலேயே அறிவுக் குறைபாடு உடையவரின் நிலத்தை மன்னர் எடுத்துக்கொண்டு, அவருக்கு வாழ்க்கைத் தேவைகளைக் கொடுத்து, மீதி வருவாயைத் தாமே வைத்துக்கொள்ளலாம். இடையில் சித்தம் கலங்கியவரின் நிலத்தையோ மன்னர் காப்பாளராக மட்டுமே வைத்திருக்க வேண்டும். அதன் வருவாய் அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் செலவிடப்பட்டு, சித்தம் தெளிந்ததும் நிலம் திரும்ப ஒப்படைக்கப்பட வேண்டும். ஆகவே ஒருவர் எந்த வகையைச் சேர்ந்தவர் என்பது பெரும் பணம் சம்பந்தப்பட்ட கேள்வியாயிற்று. அதைத் தீர்மானிக்க விசாரணைகள் நடத்தப்பட்டன.

அத்தகைய விசாரணைகளில் ஒன்றின் பதிவு இன்றும் கிடைக்கிறது. இன்றைய கிங்ஸ் லின் நகரைச் சேர்ந்த எம்மா டி பெஸ்டன் என்ற பெண் 1383இல் விசாரிக்கப்பட்டார். எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, அங்கிருந்து தொலைவில் உள்ள ஈலி என்றார். வாரத்துக்கு எத்தனை நாள் என்றதற்கு ஏழு என்று சரியாகச் சொன்னார். ஆனால் அவற்றின் பெயர்களைச் சொல்ல முடியவில்லை. மூன்று கணவர்கள் இருந்ததாகக் கூறி ஒருவரின் பெயரை மட்டும் சொன்னார். ஒரு மகன் உண்டு என்றார். அவன் பெயர் தெரியவில்லை. நாற்பது பென்ஸ் வேண்டுமா, இருபது வெள்ளி குரோட் வேண்டுமா என்று கேட்டபோது இரண்டும் ஒரே மதிப்பு என்றார். ஒரு குரோட் என்பது நான்கு பென்ஸ். ஆகவே இருபது குரோட் அதைப் போல் இரு மடங்கு. அவருக்குச் சித்த சுவாதீனம் இல்லை என்று விசாரித்தவர்கள் முடிவுசெய்தனர்.

1534இல் வெளிவந்த ஃபிட்ஸ்ஹெர்பெர்ட்டின் சட்ட நூலும் இதே வகை அளவுகோலைக் கூறுகிறது. இருபது பென்ஸை எண்ணத் தெரியாதவர், தாய் தந்தையர் யாரென்றும் தம் வயது என்னவென்றும் சொல்லத் தெரியாதவர் பிறவி அறிவுக் குறைபாடு உடையவர் என்பது அதன் விளக்கம். இக்கேள்விகளில் ஒரு நன்மை உண்டு. வெறும் ஊர்ப்பேச்சை நம்பாமல் ஆளை நேரில் அழைத்துப் பேசிப் பார்க்க வேண்டும் என்ற நடைமுறையை அவை நிலைநிறுத்தின. குறையும் உண்டு. அவை பொது அறிவைச் சோதித்தன. ஒருவர் தம் வீட்டையும் நிலத்தையும் என்ன செய்ய விரும்புகிறார், ஏன் விரும்புகிறார் என்பதை அவை தொடவில்லை. ஒருமுறை கிடைத்த விடை அவருடைய வாழ்க்கையின் எல்லா முடிவுகளுக்கும் சேர்த்துப் பொருந்தியது.

உயிலும் ஒப்பந்தமும்: செயலை நோக்கிய சோதனை

19ஆம் நூற்றாண்டில் இந்நிலை மாறத் தொடங்கியது. அதற்கு முக்கியக் காரணமாக அமைந்தது 1870இல் இங்கிலாந்தில் தீர்ப்பளிக்கப்பட்ட பேங்க்ஸ் எதிர் குட்ஃபெலோ வழக்கு. ஜான் பேங்க்ஸ் என்பவர் 1841இல் சில மாதங்கள் மனநோய் விடுதியில் இருந்தவர். இறந்துபோன ஒரு மளிகைக்கடைக்காரர் தம்மைத் துரத்தித் துன்புறுத்துகிறார் என்றும், தீய ஆவிகள் தம்மைத் தொடர்கின்றன என்றும் அவர் உறுதியாக நம்பிவந்தார். அதே சமயம் தம் பணத்தைக் கவனமாக நிர்வகித்தார். 1863இல் அவர் எழுதிய உயிலில், தம்முடன் வாழ்ந்த, உடன்பிறந்தவரின் மகளுக்குத் தம் 15 வீடுகளைக் கொடுத்தார். அவர் இறந்த பிறகு, மனநோயாளியின் உயில் செல்லாது என்று உறவினர் ஒருவர் வழக்குத் தொடுத்தார்.

தலைமை நீதிபதி காக்பர்ன் வழங்கிய தீர்ப்பு உயிலை ஏற்றது. உயில் எழுதுபவருக்கு இருக்க வேண்டிய திறனைத் தீர்ப்பு நான்கு கூறுகளாக வகுத்தது. உயில் என்றால் என்ன, அதன் விளைவு என்ன என்பது அவருக்குத் தெரிய வேண்டும். தம் சொத்து எவ்வளவு என்பதை அறிந்திருக்க வேண்டும். தம்மிடம் உரிமை எதிர்பார்க்கக் கூடியவர்கள் யார் என்பதை உணர வேண்டும். மனநோய் ஏதேனும் இருந்தால் அது அந்த உயிலின் பங்கீட்டைப் பாதித்திருக்கக் கூடாது. பேங்க்ஸின் தவறான நம்பிக்கைகள் அவர் வீடுகளை யாருக்குக் கொடுத்தார் என்பதைத் தொடவே இல்லை. ஆகவே அவை உயிலைக் கெடுக்கவில்லை. ஒரு மனிதருக்கு மனநோய் இருக்கலாம். அதனாலேயே அவருடைய முடிவு செல்லாததாகிவிடாது என்ற கருத்து இத்தீர்ப்பின் மூலம் உறுதிபெற்றது. இன்றும் உயில் வழக்குகளில் இத்தீர்ப்பு எடுத்துக்காட்டப்படுகிறது.

இந்தியாவில் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் இதே போக்கில் அமைந்தது. அதன் 12ஆம் பிரிவின்படி, ஒப்பந்தம் செய்யும் நேரத்தில் அதைப் புரிந்துகொள்ளவும், அது தம் நலனை எப்படிப் பாதிக்கும் என்று அறிவார்ந்த முடிவுக்கு வரவும் இயன்றவரே சித்த சுவாதீனம் உடையவர். பெரும்பாலும் சித்தம் கலங்கியிருந்து இடையிடையே தெளிபவர், தெளிந்திருக்கும்போது ஒப்பந்தம் செய்யலாம். பித்தர் விடுதியில் இருப்பவரும் அவ்வாறு செய்யலாம் என்பதைச் சட்டம் எடுத்துக்காட்டாகவே தருகிறது. மறுபுறம், வழக்கமாக நல்ல சித்தத்துடன் இருப்பவர், காய்ச்சலில் ஜன்னி கண்டிருக்கும்போதோ புரிந்துகொள்ள முடியாத அளவு மது அருந்தியிருக்கும்போதோ ஒப்பந்தம் செய்ய முடியாது. ஆளைவிட நேரமும் செயலும் முக்கியம் என்பதை இச்சட்டம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் உயிலுக்கும் இதே கொள்கையைக் கடைப்பிடிக்கிறது.

பித்தர் சட்டங்கள்

சொத்துக்குக் கிடைத்த இந்த நுட்பமான பார்வை, உடலுக்கும் நடமாட்டத்துக்கும் கிடைக்கவில்லை. 1858இல் பிரித்தானிய இந்தியாவில் பித்தர்கள் பற்றி மூன்று சட்டங்கள் இயற்றப்பட்டன. இரண்டு, நீதிமன்றங்கள் வழியாகச் சொத்தை நிர்வகிப்பது பற்றியவை. மூன்றாவது, விடுதிகள் பற்றியது. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1871இல் அமைந்த விடுதி, இன்று அரசு மனநலக் காப்பகமாகத் தொடர்கிறது.

பழைய சட்டங்களுக்குப் பதிலாக 1912ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டம் வந்தது. உறவினரின் மனுவும் இரு மருத்துவச் சான்றிதழ்களும் இருந்தால் குற்றவியல் நடுவர் ஒருவரை விடுதியில் சேர்க்க ஆணையிடலாம். சொத்து உள்ளவருக்குத் தனியாக நீதிமன்ற விசாரணை இருந்தது. அதில் ஒருவர் தம் காரியங்களை நிர்வகிக்க இயலாதவர், ஆனால் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள இயன்றவர் என்று பிரித்துச் சொல்லவும் இடம் இருந்தது. விடுதியில் சேர்க்கப்பட்டவருக்கு அளிக்கப்படும் சிகிச்சையைப் பற்றி அப்படிப்பட்ட கேள்வி எதுவும் இல்லை. சேர்க்கை ஆணை வந்த பிறகு அவருடைய சம்மதம் தேவைப்படவில்லை. அதாவது, 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி விடுதியில் இருந்தபடியே வீட்டை விற்கக்கூடிய ஒருவர், தம் உடலில் செலுத்தப்படும் மருந்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாதவராக இருந்தார்.

மருத்துவச் சம்மதமும் திறனும்

20ஆம் நூற்றாண்டில் இக்கேள்வி மருத்துவமனைக்கு வந்ததற்குக் காரணம், நோயாளியின் சம்மதம் சட்டத்தில் பெற்ற இடம். சித்த சுவாதீனமுள்ள ஒவ்வொரு வயதுவந்தவருக்கும் தம் உடலுக்கு என்ன செய்யப்படலாம் என்று தீர்மானிக்கும் உரிமை உண்டு என நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1914இல் கூறியது. 1957இல் கலிபோர்னியாவில் ஒரு வழக்கு, விவரம் அறிந்து தரும் சம்மதம் என்ற சொல்லாட்சியைச் சட்டத்துக்குக் கொண்டுவந்தது. சம்மதம் செல்லுபடியாக வேண்டுமானால், அதைத் தருபவருக்குத் திறன் இருக்க வேண்டும். அதை எப்படி அறிவது என்று மருத்துவர்கள் கேட்கத் தொடங்கினர்.

1977இல் அமெரிக்காவில் ராத், மைசல், லிட்ஸ் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை, அப்போது வழக்கிலிருந்த சோதனைகளை வகைப்படுத்தியது. சிகிச்சைக்குச் சம்மதிப்பவரின் திறனை யாரும் கேள்வி கேட்பதில்லை, மறுப்பவரின் திறன் மட்டுமே சந்தேகிக்கப்படுகிறது என்ற போக்கையும் அத்தகைய ஆய்வுகள் வெளிப்படுத்தின. 1988இல் அப்பல்பாம், கிரிசோ ஆகியோர் நான்கு திறன்களை முன்வைத்தனர்: ஒரு தெரிவைத் தெரிவித்தல், தகவலைப் புரிந்துகொள்ளுதல், அது தமக்குப் பொருந்தும் என்பதை உணர்தல், காரணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல். இந்நான்கும் இன்று உலகின் பல நாடுகளில் மருத்துவர்களுக்குக் கற்பிக்கப்படுகின்றன.

இங்கிலாந்தில் 1993இல் நீதிபதி தோர்ப் முன் வந்த ஒரு வழக்கு இக்கருத்துகளைக் கடுமையான சோதனைக்கு உட்படுத்தியது. உயர்பாதுகாப்பு மனநல மருத்துவமனையான பிராட்மூரில் இருந்த 68 வயது முதியவர் ஒருவருக்கு மனச்சிதைவு நோய் இருந்தது. தாம் உலகப் புகழ்பெற்ற மருத்துவர் என்றும், தம் கையில் ஒரு நோயாளியும் இறந்ததில்லை என்றும் அவர் நம்பினார். அவருடைய பாதம் அழுகத் தொடங்கியது. முழங்காலுக்குக் கீழே காலை எடுக்காவிட்டால் பிழைக்க 15 விழுக்காடு வாய்ப்பே உண்டு என்று அறுவை மருத்துவர் கருதினார். முதியவர் மறுத்தார். இரு கால்களோடு இறப்பதையே தாம் விரும்புவதாகக் கூறினார்.

அவரிடம் நோய் இருந்ததில் யாருக்கும் ஐயம் இல்லை. நீதிமன்றம் எடுத்துக்கொண்ட கேள்வி வேறு: சிகிச்சை பற்றிய தகவலை அவரால் புரிந்து நினைவில் வைக்க முடிகிறதா, அதை நம்ப முடிகிறதா, சீர்தூக்கி ஒரு தெரிவுக்கு வர முடிகிறதா? மூன்றுக்கும் விடை ஆம் என்று நீதிபதி கண்டார். அவருடைய எழுத்துமூலச் சம்மதம் இன்றிக் காலை எடுக்கக் கூடாது என்று தடை விதிக்கப்பட்டது. அவர் ஒப்புக்கொண்ட வேறு சிகிச்சைகளால் உடனடி ஆபத்து நீங்கியது. அவர் இறந்திருந்தாலும் தீர்ப்பின் தர்க்கம் மாறியிருக்காது என்பது கவனிக்கத்தக்கது. முடிவின் பலன் நல்லதா கெட்டதா என்பதை அத்தீர்ப்பு அளவுகோலாக எடுக்கவில்லை.

இதன் மறுபக்கத்தை 1998இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு காட்டியது. 36 வாரக் கர்ப்பிணி ஒருவருக்கு ஆபத்தான இரத்த அழுத்த நோய் இருந்தது. மருத்துவமனையில் சேர மறுத்த அவரை மனநலச் சட்டத்தின் கீழ் பிடித்துவைத்து, அவர் விருப்பத்துக்கு மாறாக அறுவைச் சிகிச்சை மூலம் குழந்தையை எடுத்தனர். அச்செயல் சட்டவிரோதமானது என்று நீதிமன்றம் கூறியது. வழக்கத்துக்கு மாறான முடிவை எடுத்தார் என்பதற்காக ஒருவரை மனநோயாளியாகக் கொண்டு சட்டத்தைப் பயன்படுத்த முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

மூன்று அணுகுமுறைகள்

இங்கிலாந்தின் சட்ட ஆணையம் 1995ஆம் ஆண்டு அறிக்கையில், திறனை அளப்பதற்கு வழங்கிவந்த அணுகுமுறைகளை மூன்றாகப் பிரித்தது.

முதலாவது, நிலை சார்ந்தது. ஒருவருக்குக் குறிப்பிட்ட நோயோ குறைபாடோ வயதோ இருந்தால் திறன் இல்லை எனக் கொள்வது. இரண்டாவது, விளைவு சார்ந்தது. அவர் எடுத்த முடிவு மற்றவர்க்குத் தவறாகத் தோன்றினால் திறன் இல்லை எனக் கொள்வது. மூன்றாவது, செயல்பாடு சார்ந்தது. குறிப்பிட்ட முடிவை, குறிப்பிட்ட நேரத்தில் எடுக்கும் ஆற்றல் இருக்கிறதா என்று பார்ப்பது. ஆணையம் மூன்றாவதைப் பரிந்துரைத்தது.

அதன் அடிப்படையில் இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் 2005இல் மனத்திறன் சட்டம் இயற்றப்பட்டு, 2007இல் நடைமுறைக்கு வந்தது. திறன் இல்லை என நிறுவப்படும் வரை ஒவ்வொரு வயதுவந்தவருக்கும் திறன் உண்டு எனக் கொள்ள வேண்டும். அவருக்கு உதவ இயன்ற எல்லா வழிகளையும் முயன்று பார்க்காமல் திறன் இல்லை என்று சொல்லக் கூடாது. அறிவுக்கு ஒவ்வாத முடிவு எடுத்தார் என்பதற்காகவும் சொல்லக் கூடாது. திறன் இல்லாதவருக்காக எடுக்கப்படும் முடிவு அவருடைய நலனுக்கு உகந்ததாகவும், அவருடைய சுதந்திரத்தை இயன்ற அளவு குறைவாகக் கட்டுப்படுத்துவதாகவும் இருக்க வேண்டும். இவை அச்சட்டத்தின் ஐந்து கொள்கைகள்.

இந்தியாவில் மாற்றம்

விடுதலைக்குப் பின்னும் 1912ஆம் ஆண்டுச் சட்டமே இந்தியாவில் நீடித்தது. 1987இல் இயற்றப்பட்ட மனநலச் சட்டம் 1993இல்தான் நடைமுறைக்கு வந்தது. பித்தர் என்ற சொல்லை அது நீக்கியது. ஆனால் சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் திறனுக்கு விளக்கம் தரவில்லை. விருப்பம் தெரிவிக்க இயலாத நோயாளியை உறவினரின் விண்ணப்பத்தின் பேரில் 90 நாள் வரை அனுமதித்து வைக்க அச்சட்டம் இடமளித்தது.

2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநல விடுதியில் தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் உயிரிழந்தனர். உச்ச நீதிமன்றம் தானாகவே இதை வழக்காக எடுத்துக்கொண்டது. உரிமம் பெறாத விடுதிகளைப் பற்றிய விவாதமாக அது தொடங்கினாலும், அதன் அடியில் வேறொரு கேள்வி இருந்தது. அங்கிருந்தவர்களைக் குடும்பத்தினர் கொண்டுவந்து விட்டிருந்தனர். அங்கு இருக்க விருப்பமா என்று அவர்களைக் கேட்க வேண்டிய கடமை நடைமுறையில் யாருக்கும் இருக்கவில்லை.

மனநோய்க்கு அப்பாலும் குடும்பத்தின் முடிவு நோயாளியின் முடிவாகக் கொள்ளப்படுவது இந்திய மருத்துவமனைகளில் பரவலான வழக்கம். 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், பரிசோதனைக்காக மயக்க மருந்து தரப்பட்டிருந்த 44 வயதுப் பெண்ணின் கருப்பையும் சூலகங்களும் அவருடைய தாயின் சம்மதத்தை மட்டும் பெற்று அகற்றப்பட்டிருந்தன. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், திறனுள்ள வயதுவந்தவருக்காகத் தாய் சம்மதம் தர முடியாது என்று நீதிமன்றம் கூறியது. மயக்கம் தெளியும் வரை காத்திருந்து அவரையே கேட்டிருக்கலாம் என்பதே தீர்ப்பின் அடிப்படை.

2009இல் சண்டிகரிலிருந்து வந்த வழக்கு இன்னும் கடினமானது. அரசு இல்லத்தில் வாழ்ந்த, அறிவுசார் குறைபாடுடைய இளம்பெண் ஒருவர் பாலியல் வன்கொடுமையால் கருவுற்றார். கருவைக் கலைக்குமாறு உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அந்தப் பெண்ணோ குழந்தையைப் பெற விரும்பினார். அவருடைய விருப்பத்தை நிபுணர் குழுவும் பதிவு செய்திருந்தது. உச்ச நீதிமன்றம் விசாரித்தபோது கரு 19 வாரங்களைக் கடந்திருந்தது. சட்டம் மனநோயாளியின் விஷயத்தில்தான் காப்பாளரின் சம்மதத்தை ஏற்கிறது. அறிவுசார் குறைபாடு அதனுள் அடங்காது என்று நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. குழந்தை பெறுவது பற்றிய தெரிவு அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் தனிமனிதச் சுதந்திரத்தைச் சேர்ந்தது என்று கூறி, கலைப்பு ஆணையை நீக்கியது. குறைபாட்டின் பெயரை வைத்து அவருடைய விருப்பத்தைப் புறந்தள்ள முடியாது என்பதை இத்தீர்ப்பு இந்தியச் சட்டத்தில் பதித்தது.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம்

இந்தியா 2007இல் ஏற்புறுதி அளித்த ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கைக்கு ஏற்பச் சட்டங்களை மாற்ற வேண்டியிருந்தது. அதன் விளைவாக 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், 2017இல் மனநலப் பராமரிப்புச் சட்டமும் வந்தன. பின்னது 2018இல் நடைமுறைக்கு வந்தது.

அதன் 4ஆம் பிரிவு, மனநோய் உள்ளவர் உட்பட ஒவ்வொருவருக்கும் தம் மனநலச் சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் திறன் உண்டு என எப்போது கொள்ள வேண்டும் என்பதைக் கூறுகிறது. உரிய தகவலைப் புரிந்துகொள்ள முடிய வேண்டும். அல்லது முடிவின் விளைவுகளை உணர முடிய வேண்டும். அல்லது பேச்சாலோ முகக்குறிப்பாலோ சைகையாலோ வேறு வழியாலோ முடிவைத் தெரிவிக்க முடிய வேண்டும். தகவல் எளிய மொழியில், தேவைப்பட்டால் சைகை மொழியிலோ படங்கள் மூலமோ தரப்பட வேண்டும். பிறருக்குத் தவறாகத் தோன்றும் முடிவு என்பது மட்டுமே திறன் இல்லாமைக்குச் சான்றாகாது. மனநோய் உண்டு என்ற தீர்மானம் மட்டுமே சித்த சுவாதீனம் இல்லை என்று பொருள்படாது எனவும் சட்டம் கூறுகிறது.

நோய் முற்றிய நிலையில் தமக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். தம் சார்பில் பேசப் பிரதிநிதி ஒருவரையும் தாமே நியமிக்கலாம். அதிக ஆதரவு தேவைப்படுபவராக ஒருவரை மருத்துவமனையில் சேர்த்தால், முதற்கட்டச் சேர்க்கை 30 நாளைத் தாண்டக் கூடாது. அக்காலத்தில் சம்மதம் தரும் திறன் அவருக்குத் திரும்பியிருக்கிறதா என்று ஏழு நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். திறன் ஏறி இறங்கக் கூடியது என்ற 1872ஆம் ஆண்டின் கருத்து, 145 ஆண்டுகளுக்குப் பிறகு நோயாளியின் படுக்கைக்கு வந்து சேர்ந்தது.

மதிப்பிடும் முறை

இன்றைய நடைமுறையில் மதிப்பீடு என்பது பெரும்பாலும் ஓர் உரையாடல். எடுத்துக்காட்டாக, சர்க்கரை நோயால் கால் விரலை எடுக்க வேண்டிய, ஓரளவு மறதி நோயும் உள்ள ஒரு மூதாட்டியைக் கொள்ளலாம். மருத்துவர் முதலில் நோயையும் சிகிச்சையையும் மாற்று வழிகளையும் அவருக்குப் புரியும் சொற்களில் விளக்குவார். பிறகு, ‘நான் சொன்னதை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்’ என்று கேட்பார். ‘விரலை எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?’ என்ற கேள்விகள் தொடரும். விடையின் சரி தவறை விட, அந்த விடைக்கு அவர் வந்து சேரும் வழியே கவனிக்கப்படும். அதே மூதாட்டிக்கு வங்கிக் கணக்கை நிர்வகிக்க முடியாமல் இருக்கலாம். விரலைப் பற்றிய முடிவை எடுக்க முடியலாம்.

சூழலும் முக்கியம். காது கேட்கும் கருவி அணியாமல், கண்ணாடி இல்லாமல், காய்ச்சலின்போது, தூக்க மருந்தின் மயக்கத்தில் செய்யப்படும் மதிப்பீடு தவறான விடையைத் தரும். தாய்மொழி அல்லாத மொழியில் கேட்பதும் அப்படியே. உறவினர் எதிரில் இருக்கும்போது பலர் தம் எண்ணத்தைச் சொல்லத் தயங்குவர். ஆகவே சிறிது நேரமாவது தனியே பேசுவது நல்லது. அவசரம் இல்லாவிட்டால் வேறொரு நாளில் மீண்டும் கேட்கலாம்.

1975இல் உருவாக்கப்பட்ட, 30 மதிப்பெண் கொண்ட சிறு மனநிலைப் பரிசோதனை பல மருத்துவமனைகளில் பயன்படுகிறது. தேதி, இடம், எளிய கணக்கு, நினைவு ஆகியவற்றை அது சோதிக்கிறது. மறதி நோயை இனங்காண அது உதவும். ஆனால் அம்மதிப்பெண்ணை வைத்து மட்டும் முடிவெடுக்கும் திறனைத் தீர்மானிக்கக் கூடாது. அப்படிச் செய்வது, வாரத்தின் நாள்களையும் நாணயத்தின் மதிப்பையும் கேட்டு முடித்த 1383ஆம் ஆண்டு விசாரணைக்குத் திரும்புவதாகும்.

விமர்சனங்கள்

செயல்பாடு சார்ந்த அணுகுமுறையும் விமர்சனத்துக்குத் தப்பவில்லை. 2014இல் ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு வெளியிட்ட பொதுக் கருத்துரை, இச்சோதனைகள் நடைமுறையில் மாற்றுத்திறனாளிகளின் மீதே பாய்கின்றன என்று கூறியது. மனத்திறன் குறைவு என்பதைக் காரணமாக வைத்து ஒருவரின் சட்டத் தகுதியைப் பறிக்கக் கூடாது. அவருக்குப் பதிலாக முடிவெடுப்பதை விட்டு, அவர் முடிவெடுக்க உதவ வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. பெரு நாடு 2018இல் தன் சட்டங்களை இத்திசையில் மாற்றி, மாற்றுத்திறனாளிகளான வயதுவந்தோருக்கு முழுச் சட்டத் தகுதியை ஏற்றது. கடுமையான மறதி நோயிலும் நினைவிழந்த நிலையிலும் யாரேனும் முடிவெடுத்தே தீர வேண்டும், அதை ஆதரவு என்று அழைப்பதால் பொறுப்பு மறைந்துவிடாது என்பது மறுதரப்பின் வாதம்.

இந்தியச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் உள்ள ‘அல்லது’ என்ற சொல்லும் விவாதிக்கப்படுகிறது. விருப்பத்தைச் சொல்ல முடிந்தாலே போதும் என்று அதைப் படித்தால், நோயின் உச்சத்தில் இருப்பவரும் திறனுள்ளவராகிவிடுவார் என்று மனநல மருத்துவர்கள் சிலர் கவலைப்படுகின்றனர். திறனை எளிதில் பறிக்க முடியாதபடி அமைந்திருப்பதே அதன் பயன் என்று உரிமை ஆர்வலர்கள் கருதுகின்றனர். மேலும் அப்பிரிவு மனநலச் சிகிச்சைக்கு மட்டுமே உரியது. சொத்து, பிற மருத்துவம், இருப்பிடம் ஆகியவற்றுக்கு 1872ஆம், 1925ஆம், 2016ஆம் ஆண்டுச் சட்டங்களையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் தனித்தனியே பார்க்க வேண்டியுள்ளது.

1977இல் கவனிக்கப்பட்ட சிக்கலும் தீரவில்லை. மருத்துவர் சொன்னதற்குத் தலையசைக்கும் நோயாளியிடம் புரிந்ததா என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. மறுப்பவரிடமே கேள்விகள் தொடங்குகின்றன. புரியாமல் கையொப்பமிடுபவரும், புரிந்து மறுப்பவரும் இதனால் ஒருங்கே பாதிக்கப்படுகின்றனர். சம்மதத்தையும் மறுப்பையும் ஒரே அக்கறையோடு விசாரிக்கும் பழக்கம் சட்டத்தில் ஏற்கெனவே உள்ளது. அது மருத்துவமனையிலும் பதிவு அலுவலகத்திலும் வீட்டிலும் நடைமுறையாவதே எஞ்சியிருக்கும் பணி.